ஆறு பருவத்துக்கு ஆறு மலையா, ஒரே மலையா?

செட்டிநாட்டில் உட்கார்ந்துகொண்டு மலையேற்றத்தைப் பற்றி யோசிப்பது கொஞ்சம் வேடிக்கைதான். காரைக்குடியிலிருந்து எந்தப் பக்கம் போனாலும் செம்மண், ஊருணி, கருவேலங்காடு. உயரம் என்றால் கோயில் கோபுரம், அதை விட்டால் பெரிய வீடுகளின் மாடி. குன்றக்குடியில் சண்முகநாதர் இருக்கும் குன்றைப் படியேறி முடித்தால் எங்கள் பக்கத்து மலைக் கணக்கு ஏறக்குறைய முடிந்துவிடும். பிள்ளையார்பட்டிக் குன்று குடைவதற்கு ஆனது, ஏறுவதற்கு அல்ல.

இருந்தும் எனக்கும் என் மைத்துனருக்கும் இரண்டு வருடங்களாக ஒரு பைத்தியம். ஒரு வருடத்துக்குள் ஆறு பெரும்பொழுதிலும் ஒவ்வொரு முறை மலையேறிவிட வேண்டும். ஆவணி, புரட்டாசி கார். ஐப்பசி, கார்த்திகை கூதிர். மார்கழி, தை முன்பனி. மாசி, பங்குனி பின்பனி. சித்திரை, வைகாசி இளவேனில். ஆனி, ஆடி முதுவேனில். பள்ளிக்கூடத்தில் பிரம்புக்குப் பயந்து மனப்பாடம் செய்த பட்டியல் ஐம்பது வயதுக்கு மேல் இப்படிக் கைகொடுக்கும் என்று நினைக்கவில்லை. விதி இரண்டுதான். அடிவாரத்திலிருந்து உச்சிவரை நடந்தே போக வேண்டும். ஒரு பொழுதைத் தவறவிட்டால் அடுத்த பொழுதில் இரண்டு மலை ஏறி ஈடுகட்டக் கூடாது.

"எந்தச் சாமிக்கு நேர்ந்துகொண்டாய்?" என்று ஆத்தா கேட்டார். எந்தச் சாமிக்கும் இல்லை என்றதும் அவருக்கு அக்கறை போய்விட்டது.

நான் காரைக்குடி கல்லுக்கட்டியில் ஒரு கடையில் கணக்கு எழுதுபவன். எதையும் வரவு, செலவு என்று பிரித்துப் பார்த்தால்தான் மனம் அடங்கும். முதல் வருடம் ஆறு மலை என்று கிளம்பினோம். இரண்டாம் வருடம் ஒரே மலையைப் பிடித்துக்கொண்டோம். நடுவில் வனத்துறையின் திட்டத்தையும், திருவிழாக் கூட்டத்தோடு போகும் வழியையும் தொட்டுப் பார்த்தோம். இதே எண்ணத்தில் இருப்பவர்கள் எதைத் தேர்வது என்று குழம்புவார்கள் என்பதால் என் ஐந்தொகையை எழுதிவைக்கிறேன்.

ஆறு மலை என்ற யோசனை மைத்துனருடையது. அவருக்குப் பெயர்கள் மேல் ஆசை. 2024 ஆவணியில் முகப்புத் திண்ணையில் நாட்காட்டியை விரித்து அவர் போட்ட பட்டியலைப் பார்த்தபோது எனக்கும் புல்லரிக்கத்தான் செய்தது: காருக்கு அழகர்மலை, கூதிருக்குக் கொல்லிமலை, முன்பனிக்குச் சிறுமலை, பின்பனிக்குக் குரங்கணி, இளவேனிலுக்கு வெள்ளியங்கிரி, முதுவேனிலுக்குச் சதுரகிரி. காகிதத்தில் எல்லா மலையும் எல்லா நாளும் திறந்தே இருந்தன.

அழகர்மலையில் தடையேதும் இல்லை. கோயிலிலிருந்து பழமுதிர்சோலை தாண்டி நூபுர கங்கை வரை நடந்தோம். ஆனால் அது தார்ச்சாலை. பக்கத்தில் வண்டிகள் உரசிக்கொண்டு போயின. மலையேற்றம் என்று எழுத எனக்கே கூச்சமாக இருந்தது. அடுத்தது கொல்லிமலை. ஐப்பசி மழையில் எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் வேனில் சுற்றிச் சுற்றி ஏறி, மைத்துனர் மகன் மூன்று இடத்தில் வாந்தி எடுத்து, ஆகாய கங்கை அருவிக்கு இறங்கும் படிக்கட்டு வாசலில் போய் நின்றால், வெள்ளம் அதிகம், இறங்கக் கூடாது என்று கயிறு கட்டியிருந்தார்கள். அந்த ஆயிரத்துச் சொச்சம் படிகளை நம்பித்தான் போயிருந்தோம். அறப்பளீஸ்வரரைக் கும்பிட்டுவிட்டுத் திரும்பினோம். கணக்கில் சுழி.

சிறுமலை மட்டும் ஏமாற்றவில்லை. திண்டுக்கல்லிலிருந்து பதினெட்டு வளைவு ஏறி, அகத்தியர்புரத்திலிருந்து வெள்ளிமலை உச்சிக்கு மார்கழிக் காலையில் நடந்தது அந்த வருடத்தின் ஒரே நிம்மதியான ஏற்றம். இறங்கும்போது வாங்கிய சிறுமலை வாழைப்பழத்தைக் காரைக்குடி வருவதற்குள் தின்று தீர்த்துவிட்டு வீட்டில் திட்டு வாங்கியது தனிக் கதை.

பின்பனியில்தான் எனக்கு உண்மை உறைத்தது. குரங்கணிப் பக்கம் 2018 மார்ச் 11 அன்று நடந்த காட்டுத்தீயை யாரும் மறந்திருக்க முடியாது. இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதற்குப் பிறகு மலையேற்ற விதிகள் இறுகின. மாசியும் பங்குனியும் காடு காய்ந்து கிடக்கும் மாதங்கள். 2025இல் பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை வனத்துறை தன் மலையேற்றப் பாதைகளை மூடிவைத்தது. நாங்கள் குறித்திருந்த நாள் அதற்குள் மாட்டிக்கொண்டது. பின்பனி என்ற பருவத்தையே பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போனது போல் இருந்தது. மூடியதில் எனக்கு மறுப்பே இல்லை. மூடுவார்கள் என்று தெரியாமல் திட்டம் போட்டது எங்கள் தப்பு.

வெள்ளியங்கிரி இதற்கு நேர்மாறு. அது பிப்ரவரி முதல் மே வரை மட்டும் திறந்திருக்கும். ஆகவே தையின் கடைசி நாட்களை விட்டால் பின்பனியிலோ இளவேனிலிலோதான் அதை வைக்க முடியும். மற்ற நாட்களில் அந்த மலை இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம். சித்திரையில் பூண்டியில் மூங்கில் கம்பு வாங்கிக்கொண்டு இரவில் ஏறத் தொடங்கினோம். ஏழு மலையில் நான்காவதில் மைத்துனரின் முழங்கால் பிடித்துக்கொண்டது. 2024இல் அங்கே ஏறும்போது அடுத்தடுத்துப் பல பேர் மூச்சுத்திணறியும் மாரடைப்பிலும் இறந்த செய்தி எங்கள் இருவர் மனதிலும் இருந்தது. அதை வாயால் சொல்லாமலே திரும்பினோம். பாதி மலையைக் கணக்கில் எப்படி எழுதுவது என்பதில் எங்களுக்குள் இன்னும் வழக்கு தீரவில்லை. அவர் அரை என்கிறார். நான் அதை வராக்கடன் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.

ஆடி அமாவாசைக்குச் சதுரகிரி. தாணிப்பாறையிலிருந்து சுந்தர மகாலிங்கம் வரை ஏறினோம், இறங்கினோம். உண்மையைச் சொன்னால், முன்னால் போகிறவரின் குதிகாலைத் தவிர நான் எதையும் பார்க்கவில்லை. அது மலையின் குற்றமல்ல. வருடத்தில் மிகப்பெரிய கூட்டம் கூடும் நாளைத் தேர்ந்துகொண்டு தனிமையைத் தேடியது எங்கள் கோளாறு. போக நினைப்பவர்கள் ஒன்றை மனதில் வைக்க வேண்டும்: அந்த மலை இப்போது ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது. அனுமதிக்கும் நாளும் நேரமும் வனத்துறையின் கையில். மழை பெய்தால் நடுவில் குறுக்கிடும் ஓடைகள் சொல்லாமல் கொள்ளாமல் பெருகும். 2015 மே மாதத்துக் காட்டாற்று வெள்ளத்தில் பக்தர்கள் உயிரிழந்ததை அந்தப் பக்கத்தில் இன்றும் பேசுகிறார்கள்.

ஆக, ஆறில் மூன்று. மைத்துனர் கணக்கில் மூன்றரை. அதில் ஒன்று தார்ச்சாலை. செலவுப் பக்கத்தைப் பார்த்தால் மலையில் நடந்த நேரத்தைவிட வேனில் உட்கார்ந்திருந்த நேரம் மூன்று பங்குக்குக் குறையாது. கோயம்புத்தூர்ப் பக்கம் போக ஒரு வழிக்கே முன்னூறு கிலோமீட்டரை ஒட்டி வருகிறது. வேனுக்குக் கொடுத்த முன்பணம் ஒன்று இன்னும் திரும்பவில்லை. யாரென்று சொல்லி இங்கே சண்டை வளர்க்க விரும்பவில்லை.

ஆனால் இந்த வழியைக் குப்பையில் போடவும் எனக்கு மனமில்லை. இருபத்தைந்து வயதில், சனி ஞாயிறு விடுமுறையுள்ள வேலையில் நான் இருந்திருந்தால் இதைத்தான் எடுத்திருப்பேன். செய்ய வேண்டியது ஒன்றே: பிடித்த மலையை முதலில் எழுதாமல், பூட்டு உள்ள மலையை முதலில் எழுத வேண்டும். வெள்ளியங்கிரியைப் பங்குனியில் போட்டுவிடுங்கள். கொல்லிமலையை மழை வடிந்த மார்கழிக்குத் தள்ளுங்கள். மழைக்காலத்துக்கு ஓடை குறுக்கிடாத, வீட்டுக்கு அருகில் உள்ள குன்றை வையுங்கள். மழை விட்ட ஒரு காலையைப் பார்த்துச் சட்டென்று கிளம்ப அது ஒன்றுதான் தோது. சதுரகிரிக்கு ஆடி அமாவாசை தவிர வேறு எந்த நாளும் நல்ல நாள்.

வனத்துறையின் வழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2024 அக்டோபரில் தொடங்கிய ட்ரெக் தமிழ்நாடு திட்டத்தில் பதினான்கு மாவட்டங்களில் நாற்பது பாதைகள் இருக்கின்றன. இணையத்தில் முன்பதிவு செய்து பணம் கட்டினால், பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டிகள் கூட வருவார்கள். பட்டியலில் திருப்பத்தூர் என்ற பெயரைப் பார்த்ததும் மைத்துனர் துள்ளிக் குதித்தார். அது நம் திருப்பத்தூர் அல்ல, ஏலகிரி இருக்கும் வடக்குத் திருப்பத்தூர் என்று நான் சொன்னபோது அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். சிவகங்கை மாவட்டத்துக்கு ஒரு பாதையும் இல்லை. எங்களுக்கு அருகில் என்றால் மதுரை, திண்டுக்கல் மாவட்டங்கள்தான்.

முதல்முறை காட்டுக்குள் போகிறவர்களுக்கும், பிள்ளைகளைக் கூட்டிப்போகிறவர்களுக்கும் இதைவிட நல்ல வழி கிடையாது. வழி தவறாது, அனுமதி பற்றிக் கவலை இல்லை, ஏதாவது ஆனால் கேட்க ஆள் இருக்கிறது. பருவச் சவாலுக்கு மட்டும் இது பொருந்தவில்லை. தீக்காலத்தில் மூடுவார்கள், கனமழை எச்சரிக்கை வந்தால் நிறுத்துவார்கள். நியாயமான காரணங்கள்தான். ஆனால் எந்த இரண்டு பருவங்கள் மலையை மாற்றிப்போடுகின்றனவோ அந்த இரண்டிலும் உங்களை வீட்டில் இருக்கச் சொல்லும் திட்டத்தை வைத்துக்கொண்டு ஆறு பருவத்தை முடிக்க முடியாது. முன்பனிக்கு ஒன்று, வேண்டுமானால் காருக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம்.

திருவிழாக் கூட்டத்தோடு போகும் வழி எங்கள் ஊருக்குப் புதிதல்ல. தைப்பூசத்துக்கு நகரத்தார் காவடி குன்றக்குடியிலிருந்து சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் வழியாகப் பழநிக்கு நடந்தே போவது பல தலைமுறை வழக்கம். போகிற வழியெல்லாம் தண்ணீரும் சோறும் கொடுக்க ஆள் இருக்கும். அதில் நடந்த கால்களுக்கு எந்த மலையும் பெரிதில்லை. ஆனால் அது வேண்டுதல். அதைச் சவாலாக்கிக் கட்டம் போட்டு டிக் அடிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஆத்தா சொன்னதில் அந்த அளவுக்கு நியாயம் இருக்கிறது.

இனி பிரான்மலை. சென்ற ஆவணியில் நான்தான் சொன்னேன், இந்த வருடம் ஆறு முறையும் பிரான்மலைக்கே போவோம் என்று. "அத்தான், ஒரே மலைக்கு ஆறு தடவை போவதற்குப் பெயர் சவாலா, தண்டனையா?" என்று மைத்துனர் கேட்டார். பதில் சொல்லத் தெரியவில்லை. காரைக்குடியிலிருந்து திருப்பத்தூர், சிங்கம்புணரி வழியாகப் போனால் ஒன்றேகால் மணி நேரத்தில் அடிவாரம், காலையில் ஏறி மதியச் சாப்பாட்டுக்கு வீடு என்ற ஒரே காரணத்தைத்தான் முன்வைத்தேன்.

பிரான்மலையைப் பெரிய மலை என்று சொல்ல முடியாது. ஆனால் சமவெளியில் தனியாக எழுந்து நிற்பதால் தூரத்திலிருந்தே மிரட்டும். பாரியின் பறம்பு இதுதான் என்பது வழிவழியாக வரும் கருத்து. மூவேந்தரும் முற்றுகையிட்டுப் பிடிக்க முடியாத மலைக்கு நாங்கள் புளிச்சோற்று மூட்டையோடு போகிறோம். அடிவாரத்தில் கொடுங்குன்றநாதர் கோயில், சம்பந்தர் பாடிய தலம். பாதாளம், பூலோகம், கைலாசம் என்று மூன்று நிலையாக அதைப் பிரித்திருக்கிறார்கள், மேல் நிலையில் மங்கைபாகர். அதற்குப் பின்னால்தான் மலைப்பாதை. பழைய கோட்டைச் சுவரின் மிச்சங்களைத் தாண்டி உச்சிக்குப் போனால் ஷேக் அப்துல்லா தர்கா. ஏறுகிறவர்களில் பாதிப்பேர் கீழே கும்பிட்டுவிட்டு மேலேயும் கும்பிடுகிறவர்கள்.

பாதி வழியில் ஒரு கல்லிச்சி மரம் இருக்கிறது. பாறை வெடிப்பிலிருந்து கிளம்பி, வேரைப் பாறை முகத்தின் மேலேயே இறக்கிவிட்டிருக்கும். வேர் ஒட்டிய இடத்தில் கல் எது, மரம் எது என்று கையால் தடவித்தான் சொல்ல முடியும். முதல் நாள் அங்கே மூச்சு வாங்க உட்கார்ந்தோம். பிறகு அதுவே எங்கள் மைல்கல் ஆனது. ஒவ்வொரு முறையும் அதன் கீழே உட்கார்ந்துதான் நோட்டை எடுப்பேன்.

புரட்டாசியில் போனபோது காற்றே இல்லை. ஆறு மணிக்கு ஏறத் தொடங்கியும் சட்டை முழுக்க நனைந்தது. எங்கள் பக்கத்தில் ஆவணி, புரட்டாசியில் காலை வெயில் உறைக்கும், பிற்பகலில் கருமேகம் கூடி இடியோடு கொட்டும். மொட்டைப் பாறையில் இடிமழைக்கு மாட்டிக்கொள்வதைவிட ஆபத்தானது வேறில்லை. பதினொன்றுக்கெல்லாம் கீழே இறங்கிவிட வேண்டும் என்ற கணக்கு அன்று போட்டது. உச்சிக்கு ஒரு மணி ஐம்பது நிமிடம் ஆனது.

கார்த்திகையில் அதே பாதை வேறு மலையாக இருந்தது. கல்லிச்சியின் வேர் வழியாகத் தண்ணீர் சன்னமாக இறங்கிக்கொண்டிருந்தது. முள்ளுச்செடி மேல் ஏறிப் படர்ந்த செங்காந்தள், கீழே மஞ்சளும் மேலே சிவப்புமாக எரிந்துகொண்டிருந்தது. இந்தப் பூவைக் கார்த்திகைப் பூ என்று ஏன் சொல்கிறார்கள் என்பது அன்று புரிந்தது. நான் ரசித்துக்கொண்டே கால் வைத்த இடத்தில் சறுக்கி, முழங்கையில் தோல் உரிந்தது. எழுந்து பார்த்தேன். பாறையில் மேலிருந்து கீழாகக் கறுப்புக் கோடுகள் இருக்கும். கோடையில் அதைக் கறை என்று நினைப்போம். அது மழைநீர் இறங்கும் தடத்தில் படியும் பாசி. காய்ந்திருக்கும்போது கல்லைப் போலப் பிடிக்கும், நனைந்தால் எண்ணெய்ச்சட்டி. அதற்குப் பிறகு வெளுத்த கல்லில் மட்டும் கால் வைத்து ஏறினோம். ஏற இரண்டு மணி முப்பத்தைந்து நிமிடம், இறங்க அதற்கும் மேல். இந்தப் பாடத்தைக் கொல்லிமலையில் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு கற்றிருக்க முடியாது.

தையில் சிங்கம்புணரி சாலையில் பழநி நடையாளர்கள் காவடியோடு எதிரும் புதிருமாக நிறைந்திருந்தார்கள் என்று எழுதினால் பொய். எல்லோரும் ஒரே திசையில்தான் போய்க்கொண்டிருந்தார்கள். எங்கள் வண்டி அவர்கள் பின்னால் ஊர்ந்ததில் முக்கால் மணி நேரம் தாமதம். அதனால் கெட்டது எதுவும் நடக்கவில்லை. பனி விலகிய பிறகே ஏறினோம். இச்சியில் சின்னச் சின்னக் காய் பழுத்து, கொண்டைக்குருவிகள் எங்களைச் சட்டை செய்யாமல் தின்றுகொண்டிருந்தன. ஒன்றரை மணி நேரத்தில் உச்சி. நான்கு பொழுதில் அதுதான் சுகமான ஏற்றம். என் கணக்கில் அதற்கு மதிப்பும் குறைவு. யாரும் ஏறிவிடலாம்.

பங்குனியில் இலையெல்லாம் உதிர்ந்து, மற்ற மாதங்களில் புதரில் மறைந்து கிடக்கும் கோட்டைச் சுவர் எங்கே தொடங்கி எங்கே வளைகிறது என்பது மேலிருந்து முழுசாகத் தெரிந்தது. சருகு கால் வைக்கும் இடமெல்லாம் அப்பளம் போல நொறுங்கியது. அன்று மைத்துனரின் சட்டைப்பையிலிருந்த தீப்பெட்டியை அடிவாரத்திலேயே வாங்கி வண்டியில் வைத்தேன். குரங்கணி நினைவு எங்களுக்கு அந்த அளவுக்குப் பயன்பட்டது. இச்சி மட்டும் எதிர்வெயிலில் செப்புக் காசு போலத் தளிர் விட்டிருந்தது. மழையே இல்லாத மாதத்தில் அதற்கு எங்கிருந்து ஈரம் கிடைத்தது என்று வேரைத் தொட்டுப் பார்த்தேன். கல் சுட்டது, வேர் சுடவில்லை.

இந்த வழியின் குறையையும் எழுதாவிட்டால் கணக்கு நேர்மையாகாது. உயரம் போதாது. உயரமான மலைகளின் குளிரும் காற்றும் இங்கே கிடைக்காது. ஆறு முறை பிரான்மலை ஏறியவன் நாளைக்கே திருவண்ணாமலைப் பக்கத்துப் பர்வதமலையின் கடப்பாரைப் படியில் ஏறிவிடுவான் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. பேர் சொல்லிப் பீற்றிக்கொள்ளவும் முடியாது. "இந்த வருடம் எங்கெல்லாம் போனீர்கள்?" என்று கேட்கிறவர்களிடம் "பிரான்மலை" என்றால், "அப்புறம்?" என்கிறார்கள். மூன்றாவது முறை அலுப்புத் தட்டும் என்று பயந்தேன். தட்டவில்லை, தையில் லேசாகத் தட்டியது உண்மை.

வரவுப் பக்கத்தில் ஒன்று மற்ற எல்லாவற்றையும் அடித்துவிடுகிறது. மலை மாறாததால் பருவம் மாறுவது கண்ணுக்குத் தெரிகிறது. முதல் வருடம் கொல்லிமலையில் நனைந்தேன், சிறுமலையில் குளிர்ந்தேன். அது மலையின் வேலையா, மாதத்தின் வேலையா என்று பிரிக்க முடியவில்லை. இங்கே ஒரு மணி ஐம்பது, இரண்டு முப்பத்தைந்து, ஒன்றரை, ஒன்று நாற்பது என்று நான்கு எண்கள் ஒரே பாதைக்கு நோட்டில் இருக்கின்றன. வித்தியாசம் முழுக்கப் பருவத்தின் கையெழுத்து. வாரத்தில் ஆறு நாள் கடை திறக்கும் என் போன்றவனுக்கு இன்னொரு சௌகரியமும் உண்டு. ஒரு ஞாயிறு மழை கெடுத்தால் அடுத்த ஞாயிறு போகலாம். இரண்டு மாதத்தில் எட்டு ஞாயிறு இருக்கிறது. வேன் முன்பணம் என்ற பேச்சே இல்லை.

நாற்பதைத் தாண்டியவர்கள், முழங்காலை நம்ப முடியாதவர்கள், ஒரு நாள் மட்டுமே விடுமுறை உள்ளவர்கள் செட்டிநாட்டிலிருந்து இந்தச் சவாலை எடுத்தால் யோசிக்காமல் ஒரே மலையைப் பிடிக்கச் சொல்வேன். பிரான்மலையே ஆக வேண்டும் என்பதில்லை. புதுக்கோட்டைப் பக்கம் இருப்பவர்களுக்குச் சித்தன்னவாசலில் ஏழடிப்பட்டம் இருக்கும் குன்று ஏற்றத்துக்குக் குறைவு என்றாலும் சமணப் படுக்கையில் உட்கார்ந்து பருவம் பார்க்க ஏற்ற இடம். மேலூர்ப் பக்கத்தவர்களுக்கு 2022இல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்ட அரிட்டாபட்டிக் குன்றுகள். ஒன்றேகால் மணி நேரத்துக்குள் போய்ச் சேர முடிகிற மலையாக இருந்தால் போதும்.

மைத்துனர் நடுவழி ஒன்று சொல்கிறார்: ஐந்து பொழுதுக்குப் பிரான்மலை, முன்பனிக்கு மட்டும் வெளியூர்ப் பெரிய மலை. வெள்ளியங்கிரியை விட்டால் முன்பனிதான் பெரும்பாலும் பூட்டில்லாத பருவம் என்பதால் யோசனையில் தப்பில்லை. ஆனால் நோட்டில் ஒரு கட்டம் வேறு மலையின் எண்ணாகிவிடும், ஐந்தொகை இடிக்கும். அடுத்த வருடம் பார்க்கலாம் என்று சொல்லிவைத்திருக்கிறேன். அவர் இப்போதே திருவண்ணாமலைக்கு ராத்திரி பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரித்துக்கொண்டிருக்கிறார்.

இளவேனில் முறை சித்திரை இரண்டாம் ஞாயிறு. மே 4இல் கத்திரி தொடங்குவதற்கு முன்னால் முடித்துவிட வேண்டும். அதிகாலை மூன்றரைக்குக் கிளம்பி, ஐந்துக்கு முதல் அடி வைத்து, பாறை சூடேறுவதற்குள், ஒன்பதுக்குள் இறங்கிவிடுவதாக ஏற்பாடு. நோட்டில் அந்தக் கட்டத்தில் இப்போதைக்கு ஒரு வரிதான் இருக்கிறது: தண்ணீர், தலைக்கு நான்கு லிட்டர், தீப்பெட்டி, வீட்டில்.